கிணற்றுக்கார அக்கா

நாமக்கல்லில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பரணில் ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் மெசின் கிடக்கிறது. கெட்டுப்போனது அல்ல. பிளக்கைச் சொருகினால் இன்றைக்கும் பச்சை விளக்கு எரியும். ஆனால் இந்த ஊர்த் தண்ணீருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. இங்கே தண்ணீர் உப்பு. அந்த மெசின் உப்பை எடுக்காது, கிருமியைத்தான் கொல்லும். கொல்லிமலையில் ஒரு கிணற்றுக்காக நானே பார்த்துப் பார்த்து வாங்கியது. எடைக்குப் போட்டுவிடலாமா என்று என் கணவர் வருடத்துக்கு ஒருமுறை கேட்பார். வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்க மாட்டார். அவருக்கும் தெரியும்.

அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நேரமில்லாமல் தள்ளிப்போனது என்று சொன்னால் அது பொய். தைரியமில்லை, அவ்வளவுதான்.

மலையில் தேவனூர் நாடு என்று சொல்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர். சோளக்காட்டில் பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கணவருக்கு மலைக்குக் கீழே வேலை, சனி ஞாயிறு மட்டும் மலை ஏறி வருவார். நானும் ஐந்து வயதுக் குழந்தையும் குடியிருந்தது அந்த அக்காவின் ஓட்டு வீட்டில், பக்கவாட்டில் இருந்த இரண்டு அறைகளில். பள்ளியில் எல்லோரும் அவரைக் கிணற்றுக்கார அக்கா என்பார்கள். அந்த ஊரில் வேறு கிணறே இல்லையா என்றால், இருந்தது. வேறு யாருக்கும் கிணறு இப்படித் தலைக்கேறியிருக்கவில்லை.

அவர் வாசலில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் பேசமாட்டார். மிளகு வியாபாரி, தபால்காரர், ரேஷன் கார்டு விவரம் கேட்டு வந்த தாசில்தார் ஆபீஸ் ஆள், எல்லோருக்கும் ஒரே சட்டம். வந்த காரியத்தைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டுவார். டம்ளர் கிடையாது. இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார். சொம்பு காலியாகிற வரைக்கும் எதிரில் நின்று உங்கள் தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். காலியான பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும், "ம், சொல்லுங்க" என்பார்.

அவர் புருஷன் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. புருஷனின் தம்பி மேட்டு வீட்டில் இருந்தார். வண்டித் தடம் விடுவது சம்பந்தமாக இரண்டு வீட்டுக்கும் தகராறு, பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் காலையில் கொழுந்தனார் கொடுவாளோடு காட்டுக்கு இறங்கும் நேரத்துக்குக் கிணற்று மதிலின் மேல் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். அவர் நின்று குடிப்பார். சொம்பைக் கவிழ்த்து வைப்பார். போய்விடுவார். அக்கா மாட்டுக்குத் தீனி வைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். இது என்ன கூத்து என்று நான் கேட்டதற்கு, "சண்ட அவர்கூடத்தானுங்க கண்ணு, அவரு தாகத்துகூட என்ன சண்ட?" என்றார். எத்தனையோ நல்ல வாசகங்களைக் கரும்பலகையின் மேல் எழுதிப்போட்டவள் நான். இப்படி ஒன்று என் பேனாவில் வந்ததில்லை.

கிணறு வெட்டியது அவரும் புருஷனும் கொழுந்தனாருமாக. மெசின் இல்லை, கூலியாள் இல்லை. ஆண்கள் இருவரும் பாறை உடைக்க, மண் சுமந்தது இவர். அப்போது வயிற்றில் மகள். எட்டாம் மாதம் வரைக்கும் கூடை தூக்கியிருக்கிறார். ஊற்றுக் கண் திறந்த அன்று முதல் கை தண்ணீரைப் புருஷன் அள்ளி இவர் வாயில் ஊற்றினாராம். அந்தத் தண்ணீர் குடித்துப் பிறந்தவள் என்பதால் மகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிணற்றையும் சேர்த்தே பேசுவார். இரண்டுக்கும் ஒரே வயது என்பார்.

வாடகைக்கு வீடு பார்க்க நான் போன அன்றும் சொம்பு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. என் அம்மா அந்தக் கணக்கில் புலி. எனக்கு அதெல்லாம் கிடையாது என்று ஒரு கர்வம். மடமடவென்று குடித்து, கடைசிச் சொட்டையும் விடாமல் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முன்பு குடியிருந்தவர்கள் கதையைச் சொன்னார். அவர்களும் கீழ்நாட்டிலிருந்து வந்த உத்தியோகஸ்தர் குடும்பம். தினம் சிரித்த முகமாய்த் தண்ணீரை வாங்கிக்கொள்வார்களாம். ஒருநாள் கொல்லைப்புறம் போனபோது, அந்தம்மா சொம்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் கோபமே இல்லை. "செடி நல்லாத்தான் வளந்துச்சுங்க" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கண்ணு. ஊரே என்னை டீச்சர் என்றபோதும் அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் பெருமை. சக ஆசிரியைகளிடம் சொல்லிக்காட்டியும் இருக்கிறேன்.

அந்த வீட்டில் கழிப்பறை கொல்லையின் கோடியில் இருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் அவ்வளவு தூரம் போக முடியாது, அறையை ஒட்டி ஒன்று கட்டித் தந்தால் வருகிறேன் என்று நிபந்தனை போட்டது நான்தான். அக்கா உடனே ஒப்புக்கொண்டார். கொத்தனார் வந்து பார்த்தார். மலையில் சமதரை என்பது லேசில் கிடைக்காது. அறையை ஒட்டிக் குழி எடுக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிணற்றுக்கு மேற்கே, மேட்டில், பதினைந்தடி தள்ளி. அக்கா தயங்கினார். கொத்தனாரிடம் கேட்காமல் என்னிடம் வந்தார்.

"ஏனுங் கண்ணு, நீ படிச்ச புள்ள. கெணத்துக்கு மேல அது வரலாமா?"

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. நான் சாமான் கட்டிவிட்டேன். வேறு வீடு தேட அலுப்பு. "சிமெண்டு உறை எறக்கிக் கட்டுனா ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்றேன். அந்த உறைக்கு அடியில் தளம் கிடையாது, அதிலிருந்து இறங்குவதெல்லாம் மண்ணுக்குள்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பாடத்தில் படமே உண்டு. படித்த பிள்ளை சொன்னதால் அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. குழி வந்தது.

ஒருமுறை வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்குக் குழந்தையோடு அவரையும் கூட்டிப்போனேன். வெயிலுக்குக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். துப்பவில்லை, மரியாதை தெரிந்தவர். விழுங்கிவிட்டு, "இது செத்த தண்ணி கண்ணு. எத்தன நாளா அடச்சு வெச்சிருந்தாங்களோ" என்று சொல்லி மீதியில் கால் கழுவிக்கொண்டார். அவர் நாக்கு அப்படி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் எந்தக் கிணற்றுத் தண்ணீர், மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவார். நாக்குக்குத் தெரியாதது ஒன்றும் தண்ணீரில் இருக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. நாக்குக்குத் தெரியாதவையும் உண்டு என்று சொல்லிக்கொடுக்க அரசாங்கம் மாதாமாதம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருட ஐப்பசி மழையில் என் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மூன்றாம் முறை வந்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. தண்ணீர் சோதிக்கப் பள்ளிக்குக் கொடுத்திருந்த சின்ன பாட்டில்கள் ஆய்வகத்தில் இருந்தன, ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தண்ணீரை ஊற்றி மூடி, சூடான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக் கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுக்கும். இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தபோதே பாட்டில் மை போலக் கறுத்திருந்தது. மழையோடு மழையாக என் குழி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று சாயங்காலம் போனேன். வழக்கம்போல் சொம்பு வந்தது. அலமாரியில் கறுத்த பாட்டிலை வைத்துவிட்டு வந்தவள், அதே தண்ணீரை அவர் முன்னால் நின்று குடித்தேன். குடிக்காமல் பேச்சைத் தொடங்க முடியாதே. குடித்து முடித்துவிட்டு, மழைக் காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் நல்லதாம் என்று பட்டும் படாமலும் ஆரம்பித்தேன். அக்காவின் முகம் மாறவில்லை. சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"மின்ன இருந்தவங்களும் காச்சித்தானுங்க குடிச்சாங்க. கிருமிக்காவன்னு நெனச்சேன். எங்க கை பட்டதுக்காவன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. நீ அப்பிடி இல்லன்னு எனக்குத் தெரியுங் கண்ணு."

ஆமாங்க்கா என்று திரும்பி வந்துவிட்டேன். அவர் மனம் புண்படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. உண்மை வேறு. கிணறு கெட்டிருக்கிறது என்று சொன்னால் எதனால் என்ற கேள்வி வரும். அந்தக் குழிக்கு நல்ல வாக்குச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். முன்பிருந்த குடும்பத்தைவிட நான் உசத்தி என்று அவர் போட்டு வைத்திருந்த மணை பறிபோகும்.

அதனால் சொல்லாமலே சரிசெய்யப் பார்த்தேன். பள்ளிக் கழிப்பறைக்கு வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, அக்கா மாட்டை ஓட்டிக்கொண்டு போன நேரம் பார்த்துக் கிணற்றில் கொட்டினேன். அளவு கூடிவிட்டது. திரும்பி வந்து முதல் குடம் இறைத்த அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கிணற்றுத் தண்ணீரை அவரே துப்பினார். பிறகு வாசலில் நின்று, கெணத்துல கைய வெச்சுட்டாங்க, கெணத்துல கைய வெச்சுட்டாங்க என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

ஏதோ பவுடரைக் கலந்திருக்கிறார்கள் என்று முகர்ந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். கை வைக்கக்கூடியவர் யார்? தகராறு உள்ள ஒரே ஆள் மேட்டு வீட்டில் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். கொழுந்தனார் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். "நாங் கல்லு ஒடச்ச கெணறு அண்ணி அது" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அக்கா நம்பவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். என் டிபன் பாக்ஸில் அந்த வாடை இன்னும் போகவில்லை. மறுநாளிலிருந்து மதிலின் மேல் சொம்பு இல்லை. கொழுந்தனார் சுற்று வழியில் காட்டுக்குப் போக ஆரம்பித்தார். யாருக்கும் தண்ணீர் இல்லையென்று சொல்லாத அந்த அக்கா தண்ணீரை நிறுத்திய முதல் ஆள் அவர்தான். நான் பவுடர் போடுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் மெசின். நாமக்கல்லில் ஒரு கடைக்குக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் எடுத்துக்கொண்டு நானும் கணவரும் போனோம். கடைக்காரப் பையன் என் தண்ணீரை ஒரு டம்ளரிலும் அவன் மெசின் தண்ணீரை ஒரு டம்ளரிலும் ஊற்றி, இரண்டிலும் கரண்ட் கம்பிகளை விட்டான். என் தண்ணீர் சேறாக மாறியது. "பாருங்க மேடம், இதத்தான் குடிச்சிட்டிருக்கீங்க" என்றான். நான் சிரித்தேன். கரைந்தது உன் இரும்புக் கம்பி, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, உன் மெசின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி விட்டுக் காட்டு, அதுவும் இப்படித்தான் ஆகும் என்றேன். பையன் முகம் தொங்கிவிட்டது. மலைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அவன் தள்ளப் பார்த்த விலை கூடிய மெசின் அதற்குத் தண்டம், கலங்கல் போக ஒரு வடிகட்டியும் கிருமி சாக ஒரு புற ஊதா விளக்கும் இருந்தால் போதும் என்று விளக்கமாகச் சொல்லி, சரியான மெசினைச் சரியான காரணத்துக்காக வாங்கினேன். கணவர் வழி நெடுகப் பாராட்டிக்கொண்டே வந்தார். படித்த படிப்பெல்லாம் அன்று அந்தக் கடையில் நன்றாகப் பயன்பட்டது.

மெசினைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினோம். அதன் மேல் ஒரு திரைத்துணி. தண்ணீர் பிடிக்கும்போது ரீங்காரம் கேட்கும். அது என்ன சத்தம் என்று அக்கா ஒருநாள் கேட்டார். கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கு வைத்த பெட்டி என்றேன். நல்லதுங் கண்ணு, இங்க வோல்டேஜு சரியில்ல என்று அவரும் நம்பிவிட்டார். வீட்டில் மெசின் தண்ணீர், அவர் வாசலில் அவர் சொம்பு என்று இரண்டு வாய் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். அவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்து, வயிறு கலங்காமலிருக்க மாத்திரை போட்டுக்கொள்வேன்.

மாசியில் அவர் மகளை ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தலைப் பிரசவம். வந்து இறங்கியதும் கிணற்று மதிலில் உட்கார வைத்து, ஊற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு அக்காவே அவள் வாயில் ஊற்றினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நான் செய்தது என்ன? தனியாக இருந்தபோது அந்தப் பெண்ணிடம், சுடுதண்ணீர் குடி, பிள்ளைக்கு நல்லது என்றேன். நாலு நாள் குடித்தாள். பிறகு, அம்மா கெணத்துத் தண்ணிக்குத்தானுங்க்கா நான் அங்க ஏங்கிக் கெடந்தேன் என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். தினம் ஒரு குடம் மெசின் தண்ணீர் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் திரை விலகிவிடுமே.

பங்குனிக் கடைசியில் அவளுக்குக் கண் மஞ்சளித்தது. இரண்டு நாள் கைமருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸில் அக்காவோடு நானும் ஏறினேன். மலைப்பாதையின் எழுபது வளைவும் அவள் தலை என் மடியில் இருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். இது தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை, கர்ப்பிணிகளைத்தான் மோசமாகத் தாக்கும் என்றார். எந்தத் தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார்.

"எங்க கெணத்துத் தண்ணிங்க. அதுல ஒரு கொறையுஞ் சொல்ல முடியாதுங்க" என்றார் அக்கா. பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்தப் புள்ள சயின்சு வாத்தியாரம்மாங்க. ரெண்டு வருசமா அதத்தான் குடிக்குது. கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

அவள் குழந்தை மறுநாள் செத்துப் பிறந்தது. ஆண். மகள் பிழைத்தாள். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். கிணற்றுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அக்கா அவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவள் முழுவதும் குடித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சித்திரையில் சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயசுக்காரர், கீழிருந்து வந்தவர். கிணற்றைப் பார்த்தார். தலையைத் தூக்கி மேட்டில் இருந்த குழியைப் பார்த்தார். இந்த இடத்தில் குழி எடுக்க யார் சொன்னது என்று கேட்டார். நான் குனிந்து என் குழந்தையின் செருப்பு வாரை மாட்டிவிட்டேன். ஒவ்வொரு சமையலறையிலும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று என் வீட்டுக்குள் வந்தார். கூடவே அக்காவும் வந்து நிலைப்படியில் நின்றார். ஆய்வாளர் குழாயைத் தேடித் திரையை விலக்கினார்.

நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள் டீச்சர், மெசின் போட்டதால்தான் உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் மெச்சிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. எப்போது வாங்கியது என்று வேறு கேட்டார். கார்த்திகையில் என்றேன்.

அக்கா விரலை மடக்கினார். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நான்காவது விரலில் நின்றது. ஆய்வாளர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பவுடரு?"

"நாந்தானுங்க்கா."

அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவுமில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வரும். திரும்பி நடந்தார். கிணற்றைத் தாண்டி மேட்டு வீட்டை நோக்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று அக்கா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்மணி வாழ்நாளில் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. கொழுந்தனார் முடைந்த கூடையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சொம்போடு வந்து அவர் கையில் ஊற்றினார். அக்கா குடித்தார். குடித்துக்கொண்டே அழுதார். அந்த வீட்டுத் தண்ணீர் ஓடைத் தண்ணீர், பரவாயில்லை என்று அந்த நேரத்திலும் என் மூளை கணக்குப் போட்டது.

குழியை மூடினார்கள். கிணற்றை இறைத்து மருந்து போட்டார்கள். இப்போது தண்ணீர் சுத்தம்தான் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்தாராம். ஆனால் அந்த வீட்டில் இன்றைக்கு யார் போனாலும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர்தான் என்று எனக்குப் பின்னால் அந்தப் பள்ளிக்குப் போன ஆசிரியை போனில் சொன்னாள். சொம்பு இல்லையாம், டம்ளராம். எதிரில் நின்று பார்ப்பதும் இல்லையாம். "காச்சுன தண்ணிங்க, பயப்படாமக் குடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாராம். என்ன பணிவான அம்மா என்று அந்த ஆசிரியை வியந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

காலி செய்யச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களாகவே மாற்றல் வாங்கிக்கொண்டு வைகாசியில் கிளம்பினோம். சாமான்களை டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. மெசின் உடைந்துவிடக் கூடாது என்று கணவர் அதைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்தார். வாசலில் அக்கா வாழைச் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவுமில்லை, பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பவுமில்லை. மாட்டுத் தரகனுக்கும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பாத வாசல் அது. நான் காத்திருந்தேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கடைசியில் என்னால் முடியவில்லை. மெசினைக் கையில் பிடித்தபடியே இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். என் கையிலிருந்த போர்வைக் கட்டைப் பார்த்தார். பிறகு, வெளியாளுக்குப் பேசுகிற மரியாதையான குரலில் சொன்னார்.

"நல்ல தண்ணியக் கையோட கொண்டுபோறீங்களே, டீச்சர்."